நூற்றுப் பன்னிரண்டு குத்தாத தாள்கள்

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, முதல் தடவையாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டிய நேரம். பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்த நான் அவளைவிட ஆர்வமாக இருந்தேன். அவளோ போனில் அலுத்துக்கொண்டாள். நிற்கிற இரண்டு பேரில் ஒருவரையும் பிடிக்கவில்லையாம். இவர் வந்தால் இப்படி, அவர் வந்தால் அப்படி என்று டிவியில் படம் போட்டுக் காட்டுகிறார்களாம். எப்படி வந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை, அதனால் போகப்போவதில்லை என்றாள்.

“நான் போகாட்டா என்னம்மா ஆயிரும்?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிரசிடெண்ட் தேர்தல் என்றால் அவளுக்கு வெள்ளை மாளிகை. எனக்கு ஊராட்சி ஓட்டுக்கான இளஞ்சிவப்புத் தாள். எங்கள் பக்கத்தில் ஊராட்சித் தலைவரை யாரும் தலைவர் என்று சொல்வதில்லை, பிரசிடெண்ட்தான். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ பிரசிடெண்டுகளை எண்ணி எழுதிய கை இது. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் உண்டு. சொல்ல வேண்டியது நீளம். அதனால் எழுதுகிறேன்.

தட்டச்சராகத்தான் வேலையில் சேர்ந்தேன். அப்புறம் உதவியாளர், அப்புறம் விரிவாக்க அலுவலர், கடைசியில் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். முதல் பத்து வருஷம் நான் அடித்த கடிதங்களில் பாதி, “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று முடியும். மீதிப் பாதி, “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று முடியும். அடித்து அடித்து, கண்ணை மூடிக்கொண்டே அந்த வரிகளை அடிக்க வரும். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டது காந்திமதிநாதன் சாரிடம். அவர் எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலராக வந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஒல்லியான ஆள். சத்தம் போட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். எந்தப் படிவத்தையும் விரலை அடியில் ஓட்டி, வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அவருக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று உண்டு என்றால், காலிக் கட்டம். ஒன்றுமில்லை என்றாலும் “இல்லை” என்று எழுத வேண்டும். “காலியா விட்டா நாளைக்கு எவனாவது அவனுக்குத் தோணுனத எழுதிருவாம்மா” என்பார். நாங்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘இல்லை சார்’ என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

அவர் இருந்தபோது வந்ததுதான் புளியங்கேணித் தேர்தல்.

புளியங்கேணி ஊராட்சியில் இரண்டு பகுதிகள். மேலூர் பெரியது. கீழூர் சின்னது, பீடி சுற்றுகிறவர்களும் வயல் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கும் இடம். தாமிரபரணி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து மேலூர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். கீழூரிலும் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி, நீல வண்ணம் அடித்து, திறப்பு விழாக் கல்வெட்டும் பதித்திருந்தார்கள். குழாய் மட்டும் பதிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பிரசிடெண்டுகள் வந்து போனார்கள். தொட்டியில் ஒரு நாளும் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் வாய்க்கால் தாண்டி மேலூருக்குக் குடம் கொண்டு போனார்கள். போன இடத்தில் கேட்ட பேச்சுகளை இங்கே எழுத முடியாது.

அந்தத் தேர்தலில் இரண்டே பேர் நின்றார்கள். இருக்கிற பிரசிடெண்ட் பூட்டு சாவிச் சின்னத்தில். மேலூரில் உரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஏணிச் சின்னத்தில். இரண்டு பேரும் மேலூர். கீழூர்க்காரர்கள் இருவரையும் கூப்பிட்டுக் குழாய் எப்போது வரும் என்று கேட்டார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், பார்ப்போம் என்று.

வாக்குப்பதிவு அன்று நான் மண்டல அலுவலர். எட்டு வாக்குச்சாவடிகள் என் பொறுப்பு. காலை பத்தரைக்குக் கீழூர்ச் சாவடியிலிருந்து போன் வந்தது. அங்கே தலைமை அலுவலர், ஆழ்வார்குறிச்சியில் இருந்து வந்திருந்த சண்முகவடிவு என்ற டீச்சர். அவருக்கு அதுதான் முதல் தேர்தல். “மேடம், ஏழு மணியில இருந்து கீழூர்க்காரங்க யாரும் வரமாட்டேங்காங்க. பத்தொம்பது ஓட்டுதான் ஆயிருக்கு. அதுவும் மேலூர்ல பொண்ணு கட்டிக்கொடுத்த நாலஞ்சு குடும்பம். என்ன செய்ய?” என்றார்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் மொத்தமும் அந்தக் காய்ந்த தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேசியது பேச்சியம்மாள் என்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை உட்காரச் சொன்னாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் அலுவலகக் கடிதம். குழாய் பதிக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும். கீழே இடது ஓரத்தில் தட்டச்சரின் சுருக்கொப்பம் இருந்தது. என்னுடையது.

அடித்த ஞாபகமே எனக்கு இல்லை. அந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வழக்கமாக இப்படிப் புறக்கணிப்பு என்றால் அதிகாரிகள் போய் இன்னொரு உறுதி கொடுப்பார்கள், அதையும் எழுதித் தருவார்கள். என் கையில் அந்தக் கடிதம் இருக்கும்போது எந்த வாயால் இன்னொன்றைச் சொல்வேன்? கடிதத்தை உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவளே பேசினாள்.

“மேடம், நாங்க சுடல முன்னாடி சூடம் அணைச்சிருக்கோம். இந்த ரெண்டு பேருல ஒருத்தருக்கும் எங்க கையால பிரசிடெண்டு ஓட்டு குத்த மாட்டோம்னு. சாமி காரியம். நீங்க என்ன சொன்னாலும் நடக்காது.”

காவல் தெய்வமான சுடலை முன்னால், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியம் அது. அதை முறிக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு நாலு தாள்கள் இருந்தன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எதிலும் நோட்டா கிடையாது. ஒன்றின் மீது கோபப்பட்டு நாலையும் விடுகிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

அதற்கு அவள், வராவிட்டால் எங்கள் கணக்கில் என்ன எழுதுவோம் என்று கேட்டாள். ஒன்றும் எழுத மாட்டோம் என்றேன். வராதவர் வெளியூரில் இருந்தாலும், செத்தே போயிருந்தாலும், கோபத்தில் இருந்தாலும் எங்கள் படிவத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

“சரி. வந்து, தாள வாங்கி, குத்தாம மடிச்சுப் பெட்டியில போட்டா?”

“செல்லாத வாக்குன்னு எண்ணுவோம்.”

“எண்ணுவீங்களா?”

“எண்ணி, எத்தனைன்னு எழுதி, கையெழுத்துப் போடுவோம்.”

அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். “ஏளா, எண்ணுவாங்களாம்” என்றாள்.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. வேறு சாவடியில் பிரச்சினை என்று கூப்பிட்டார்கள். மதியத்துக்கு மேல் சண்முகவடிவு டீச்சர் மறுபடி போன் செய்தார். வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நிற்கிறது என்றார். சாயங்காலம் முடியும்போது கீழூரில் நூற்று முப்பத்தொரு வாக்குகள். ஊரில் இருக்கிறவர்களில் அநேகமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். புறக்கணிப்பைக் கலைத்த கெட்டிக்காரி என்று கலெக்டர் அலுவலகத்தில் இருந்து என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து எண்ணிக்கை. ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேஜைகள் போட்டு, சாவடி வாரியாகப் பெட்டியைத் திறந்து, தாள்களை நிறம் நிறமாகப் பிரித்து எண்ணுவோம். புளியங்கேணிக்கு மதியம் இரண்டு மணிக்கு முறை வந்தது, அந்த மேஜைக்கு நான்தான் பொறுப்பு. மேலூர்ப் பெட்டிகள் முடிந்தபோது ஏணிக்கும் பூட்டு சாவிக்கும் இழுபறி. கடைசிப் பெட்டி கீழூர். இளஞ்சிவப்புத் தாள்களை விரித்த உதவியாளர் ஒன்றைப் பார்த்தார், புரட்டினார், அடுத்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுக்கிப் பார்த்தபோது பத்தொன்பதில் முத்திரை இருந்தது. மீதி நூற்றுப் பன்னிரண்டும் அச்சகத்தில் இருந்து வந்தது போல வெறுமையாக இருந்தன.

ஏணி ஏழு ஓட்டில் முன்னால் நின்றது.

பூட்டு சாவிக்காரரின் முகவர் மேஜையை ஓங்கித் தட்டினார். “இது ஜனங்க போட்டதில்ல வே. உள்ள இருந்த ஆபீசருங்க மீதித் தாளக் கத்தையாத் தள்ளிருக்காவ. எங்களுக்கு மறு ஓட்டு வேணும்” என்றார். ஏணிக்காரரின் ஆட்கள் அதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. கீழூர்க்காரர்களுக்கு ஓட்டுக் குத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான், முடிவை அறிவியுங்கள் என்றார்கள்.

மறு ஓட்டு என்றால், சண்முகவடிவு டீச்சர் தாளைத் திணித்தவர் என்று ஆகிவிடும். அப்பாவியான பெண், வேலையே போகும். அப்படியே அறிவித்தாலோ, சூடம் அணைத்துவிட்டு வரிசையில் நின்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் குத்தத் தெரியாதவர்கள் ஆவார்கள். உண்மையைச் சொன்னால் நான் மாட்டுவேன். தேர்தல் அலுவலரே செல்லாத ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதினால் யார் மறுப்பது? மகளுக்கு அப்போது கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய சமயம். வாயை மூடிக்கொள் என்று ஒரு மனசு சொன்னது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேர்தல் நடத்தும் அலுவலரான காந்திமதிநாதன் சார் மேஜைக்குப் போனேன். கடிகாரம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அந்தம்மா கேட்டது என்ன, நீங்க சொன்னது என்ன, அத மட்டும் சொல்லுங்க. அந்த வார்த்தையிலயே.”

மூன்றாவது தடவை வார்த்தை மாறாமல் சொன்னேன். மனசு தாங்காமல், அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது சார், தோன்றியதில் சந்தோஷமும் இருந்தது என்றும் சொல்லிவிட்டேன்.

“மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கலம்மா. வாயில என்ன வந்துச்சுன்னுதான் கேக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லிருக்கீங்க. கேக்காதது ஒரு வார்த்த கூடச் சொல்லியிருந்தா, இப்பமே உங்கள வெளிய அனுப்பியிருப்பேன். உக்காந்து எழுதுங்க.”

எழுதினேன். வாங்கி, விரலை ஓட்டி வாசித்து, கோப்பில் வைத்தார். பிறகு எழுந்து, இரண்டு தரப்பு முகவர்களையும் கீழூர்ப் பெட்டி இருந்த மேஜைக்குக் கூப்பிட்டார்.

முதலில் தாளின் அடிக்கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். வாக்காளர் தாள் வாங்கும்போது கையெழுத்தோ கைரேகையோ வைக்கும் துண்டு அது. இளஞ்சிவப்பில் நூற்று முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்தோ ரேகையோ இருந்தது. பயன்படுத்தாமல் திரும்பி வந்த தாள்கள் வரிசை எண் தவறாமல் இருந்தன. வெறும் தாள்களின் பின்புறமும் டீச்சரின் ஒப்பம் இருந்தது. ஒவ்வொன்றாக முகவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவசரப்படவே இல்லை. ஹாலில் மற்ற மேஜைகளில்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, அதே பெட்டியின் வெள்ளை, பச்சை, மஞ்சள் தாள்களை விரிக்கச் சொன்னார். நான் நினைத்தே பார்க்காத காரியம் அது. நூற்று முப்பத்தொரு வெள்ளையில் செல்லாதது இரண்டு. பச்சையில் மூன்று. மஞ்சளில் இரண்டு. மற்ற அத்தனையிலும் முத்திரை சின்னத்தின் நடுவில், கோட்டைத் தொடாமல், பள்ளிக்கூடத்தில் பொட்டு வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரே ஆள், ஒரே மறைப்புக்குள், ஒரே முத்திரையால் மூன்று தாள்களில் சுத்தமாகக் குத்திவிட்டு, நாலாவதை மட்டும் அப்படியே மடித்துப் போட்டிருக்கிறார்.

“குத்தத் தெரியலன்னு யாரு சொன்னது?” என்று கேட்டார் சார்.

வெறும் தாள்களை அப்படியே கட்டி உறையில் போடுவதுதான் நடைமுறை. அவர் போடவில்லை. நூற்றுப் பன்னிரண்டிலும் ‘குறி ஏதும் இல்லை, நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை வைத்துத் தன் கையாலேயே சுருக்கொப்பம் போட்டார். காலியாக விட அவருக்குக் கை வராது. முகவர்களையும் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அது முடியச் சரியாக முக்கால் மணி நேரம் ஆனது.

முடிவை அறிவிக்கும்போது வென்றவர் பெயரையும் வாக்கையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது வழக்கம். அன்றைக்கு மைக்கில் அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஏணி இவ்வளவு, பூட்டு சாவி இவ்வளவு, வித்தியாசம் ஏழு. அதோடு விடாமல், கீழூர் வாக்குச்சாவடியில் யாருக்கும் வாக்களிக்காமல் போடப்பட்டவை நூற்றுப் பன்னிரண்டு என்றார். வாசலில் ஒலிபெருக்கிக்குக் கீழே கூட்டம் நின்றது. அதில் கீழூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் கைதட்டவில்லை, சத்தம் போடவில்லை. பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கண்ணும் கலங்கிவிட்டது. எதற்கு என்று பக்கத்தில் இருந்த உதவியாளர் கேட்டார். தூசி என்றேன்.

சான்றிதழ் வாங்க வந்த உரக்கடை அண்ணாச்சிக்கு மாலை போட ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் மாலைக்குக் கழுத்தைக் கொடுக்காமல் என் மேஜைக்கு வந்து குனிந்து, அந்தப் படிவத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

“நான் ஜெயிச்சிருக்கது ஏழுல. அங்க கெடக்கது நூத்திப் பன்னெண்டு” என்றார். வியாபாரி அல்லவா, கழித்துப் பார்க்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் கீழூருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். தோற்றவர் மேலே புகார் எழுதினார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. காந்திமதிநாதன் சார் அன்றே வாங்கி வைத்த காகிதம் என்னைக் காப்பாற்றியது. அவர் அதை எதற்கு மூன்று தடவை சொல்லச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. குழாய் அடுத்த பங்குனிக்குள் வந்துவிட்டது. அதற்கான மதிப்பீட்டைத் தயாரித்தது எங்கள் அலுவலகம்தான். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தேன், தட்டச்சர் அடிக்க வேண்டியதை நானே இழுத்துப் போட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், பல வருஷம் கழித்துத்தான் அடுத்தது வந்தது. சார் ஓய்வுபெற்றுத் திருச்செந்தூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். புளியங்கேணிக்கு நானே தேர்தல் நடத்தும் அலுவலர். நான் நடத்திய கடைசித் தேர்தலும் அதுதான். உரக்கடை அண்ணாச்சி மறுபடியும் நின்றார். கீழூர்ப் பெட்டியைத் திறக்கும்போது மேஜையை விட்டு நான் நகரவில்லை. இளஞ்சிவப்புத் தாள்களை விரித்தார்கள். முத்திரை, முத்திரை, முத்திரை. கிட்டத்தட்ட எல்லாம் ஏணிக்கு. கடைசிக்கு முந்தின கட்டில் ஒரே ஒரு தாள் மட்டும் வெறுமையாக வந்தது.

சார் இல்லாத குறைக்கு நான் அதில் முத்திரை வைத்து ஒப்பம் போட்டேன். மைக்கில் எல்லாவற்றையும் வாசித்தேன். கீழூரில் யாருக்கும் வாக்களிக்காமல் போடப்பட்டது ஒன்று என்றும் வாசித்தேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்த அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒன்று யாருடையது என்று கேட்டார். தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்றேன்.

மறுநாள் தொட்டி ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு அவர் கீழூரில் வீடு வீடாக ஏறி இறங்கினாராம், என்ன குறை, என்ன குறை என்று கேட்டுக்கொண்டு.

ஓய்வுபெறும் முன் கடைசியாக ஒரு வேலைக்கு அந்தப் பக்கம் போனபோது பேச்சியம்மாள் வாசலில் குழாயைத் திறந்து குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். மூன்று நாளைக்கு ஒருதடவை வந்துகொண்டிருந்தது, தேர்தல் முடிந்த வாரத்தில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள். நான் அவளையே பார்த்தேன். கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“அன்னைக்கு நூத்திப் பன்னெண்டு பேரு சேந்து செஞ்ச வேலைய, இன்னைக்கு ஒரு ஆளு செஞ்சாப் போதும்னு ஆயிட்டுல்லா மேடம்.”